ஆறரை

எங்கள் ஆட்களின் கலியாண மண்டபங்களில் இரண்டாம் பந்தி முடிந்து, பிள்ளைகள் கதிரைகளுக்கிடையில் ஓடத் தொடங்கும் நேரத்தில், யாராவது ஒருவர் தேநீர்க் கோப்பையுடன் வந்து என் பக்கத்தில் உட்காருவார். "நீர் ஆறரையின்ரை மருமகள் எல்லோ?" என்பார். நான் தலையாட்டுவேன். "அந்தக் கார்க் கதையை ஒருக்காச் சொல்லுமன்" என்பார். நான் சிரித்துச் சமாளிப்பேன். நாலு பேருக்கு முன்னால் கதைக்க எனக்கு வராது. கடைசியில் அவரே சொல்லத் தொடங்கிவிடுவார். ஒருவர் சொன்ன கதையில் கார் குடைசாய்ந்தது. இன்னொருவர் கதையில் பொம்பிளையைக் கண்ணாடிக்குள்ளால் இழுத்தெடுத்தார்கள். தீயணைப்புப் படை வந்ததாகவும் கேட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். பிறகு களைத்துப்போய் விட்டுவிட்டேன். கிட்டத்தட்ட முப்பது வருடமாக ஒரே கதையைக் கேட்டால் யாருக்கும் களைப்பு வரும். அதுவும் அந்தக் கதையை முதன்முதலில் சொன்னவள் நான் என்னும்போது.

ஆறரை என்பது என் மாமாவுக்கு வைத்த பட்டப்பெயர். மாமா அம்மாவின் தம்பி. லண்டனில், கோலியர்ஸ் வுட்டில், எங்கள் வீட்டுச் சின்ன அறையில் இருந்தார். பெட்ரோல் ஷெட்டில் வேலை. வேலை முடிந்து வந்து, சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்தபடியே தூங்கிப்போவார். அம்மா வந்து கோப்பையை மெல்ல எடுத்துவிட்டு, தானும் அதே கதிரையின் கையில் சாய்ந்து கண்ணை மூடுவார். அம்மா அலுவலகங்கள் துப்புரவாக்கப் போய்வருவார். அப்பா பேக்கரி ஒன்றில் ஷிப்ட். எந்த நேரம் பார்த்தாலும் வீட்டில் யாரோ ஒருவர் நித்திரையாக இருப்பார். அதனால் நான் பேசப் பழகியதே குசுகுசுப்பில்தான்.

அந்த வீட்டுக்குத்தான் மாமா அந்தக் காரைக் கொண்டுவந்தார். ஓட்டி வரவில்லை, இழுத்து வந்தார். எழுபதுகளில் அமெரிக்காவில் செய்த செவர்லே. யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பின்வளவில் வருடக்கணக்காக நின்றதாம். இருக்கைக்குள்ளே புல் முளைத்திருந்தது. ஸ்டீரிங் இடது பக்கம். எங்கள் தெருவில் இரண்டு கார் நிற்கும் இடத்தை அது ஒன்றே அடைத்துக்கொண்டது.

அப்பா திரைச்சேலையை விலக்கிப் பார்த்தார். "என்னடாப்பா, கப்பல் வாங்கியிருக்கிறாய்?"

"கப்பல் தண்ணியிலைதான் ஓடும் அத்தான். இது ரோட்டிலை ஓடும்" என்றார் மாமா.

ரோட்டில் ஓட அதற்கு ஒன்றரை வருடம் எடுத்தது. வீட்டுக்குப் பின்னால் கவுன்சிலின் கராஜ் ஒன்றை வாடகைக்கு எடுத்து, லீவு கிடைத்த நாளெல்லாம் மாமா அதற்குள் கிடந்தார். பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தார். பிரேக்கை மாற்றினார். தொட்டால் இறங்கும் கண்ணாடி, குளிர்காற்று, சீடி பிளேயர் எல்லாம் வந்தன. பழைய உடம்புக்குள் எல்லாம் புதுசு. அவருக்கு மிகவும் பிடித்தது அலாரம். யாராவது காரில் சாய்ந்தால் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரல் வரும். தயவுசெய்து வாகனத்தை விட்டு விலகி நில்லுங்கள் என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொல்லும். மாமா என்னைச் சாயச் சொல்லிவிட்டு, தான் தள்ளி நின்று கேட்பார். "எவ்வளவு பண்பா ஏசுறாள் பார்" என்பார்.

அந்த நாட்களில்தான் சின்னம்மாவுக்குக் கலியாணம் பொருந்தியது. சின்னம்மா அம்மாவுக்கும் மாமாவுக்கும் தங்கச்சி. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வந்து, அங்கே ஒரு லொட்ஜில் வருடக்கணக்காகக் காத்திருந்து, கடைசியில் லண்டன் வந்து சேர்ந்திருந்தார். தங்கச்சியை ஒரு கரை சேர்க்காமல் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று மாமா வந்த சம்பந்தங்களையெல்லாம் தள்ளிப்போட்டிருந்தார். அவருக்கு முன்தலையில் மயிர் கொட்டத் தொடங்கியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில் இருந்தார்கள். படித்த குடும்பம். எதையும் தாழ்ந்த குரலில், கேள்வியாகவே கேட்பார்கள். "பொம்பிளைக்குக் காரையும் நாங்களே ஒழுங்கு செய்யட்டோ? உங்களுக்கு ஏன் கஷ்டம்?" என்று போனில் கேட்டார்கள்.

"எங்கட வீட்டிலை கார் இருக்கு" என்றார் மாமா.

ஐயர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, கலியாணத்துக்கு வேண்டிய சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, அம்மா எழுதினார். பிறகு ஐயர், "பொம்பிளையைத் தாரை வார்க்கிறது ஆர்?" என்று கேட்டார். அம்மம்மா, அம்மப்பா யாரும் இங்கே இல்லை. அம்மப்பா உயிரோடேயே இல்லை.

"நான்தான். தமையன்" என்றார் மாமா.

"தம்பி கலியாணம் முடிச்சிட்டீரோ?"

"இல்லை ஐயா."

"அப்ப அக்காவும் அத்தானும் மணவறையிலை இருக்கட்டும். தம்பதியா இருக்கிறதுதான் முறை." ஐயர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அடுத்த சாமானுக்குப் போய்விட்டார்.

மாமா கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் எண்ணெய் ரேகைகளுக்குள் ஏறி, எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத கைகள். "சரி ஐயா. அப்ப நான் காரைப் பாக்கிறன்" என்றார்.

அடுத்த கிழமையே அவர் நாலு சக்கரத்துக்கும் புதுச் சில்லுகளுக்குச் சொல்லி அனுப்பினார். சும்மா சில்லில்லை. இருபது அங்குலம். அந்தக் காரோடு வந்த சில்லைவிட ஒரு உள்ளங்கை உயரம், ஒரு உள்ளங்கை அகலம். வெள்ளியைப் போல மினுங்குவது. அமெரிக்காவில் பெடியன்கள் பழைய கார்களுக்கு இப்படிப் பூட்டி ஓடுகிறார்கள் என்று முடிவெட்டும் கடையில் கிடந்த ஒரு புத்தகத்தில் பார்த்தாராம். அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"உது என்னத்துக்கடா?" என்று அம்மா கேட்டார்.

"இப்ப இந்தக் காருக்குள்ளை ஆள் இருந்தால் தாண்டு போகுது அக்கா. தலைமயிர்தான் தெரியும். பொம்பிளை எல்லாருக்கும் தெரியவேணும். தேரிலை சாமி தெரியிற மாதிரி."

"அவள் சாமி இல்லை, உன்ரை தங்கச்சி. சீலையோடை உவ்வளவு உயரத்துக்கு எப்பிடி ஏறுவாள்?"

"ஸ்டூல் வைப்பம்."

அம்மா பெருமூச்சு விட்டுவிட்டுக் குசினிக்குப் போனார். சண்டை பிடிக்க எங்கள் வீட்டில் அப்போது யாருக்கும் தெம்பில்லை.

மண்டபம் மிச்சம் பக்கம். அந்த ஊரின் பெயரே அதுதான். நல்ல மண்டபங்களையெல்லாம் மற்றவர்கள் எடுத்துவிட எங்களுக்கு மிச்சம்தான் கிடைத்தது என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து அங்கே போக மூன்று வழிகளை மாமா கண்டுபிடித்து, மணிக்கூட்டைப் பார்த்து ஓடிப் பார்த்தார். அதில் ஒரு வழியில், ஒரு சின்னத் தெருவின் முடிவில், பெரிய லொறிகள் வராமல் தடுக்க ரோட்டின் இரண்டு பக்கமும் இரும்புத் தூண்கள் நட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பலகை. ஆறரை அடி அகலத்துக்கு மேற்பட்ட வாகனம் போகக்கூடாது. எங்கள் கார் அதைவிடக் கொஞ்சம் அகலம்தான். ஆனால் பலகையில் போட்ட அளவைவிடத் தூண்களுக்கிடையில் கூடுதலாக இடம் விட்டிருந்தார்கள். ஒரு ஞாயிறு நானும் காரில் இருந்தேன். மாமா ஊர்ந்து ஊர்ந்து காரை அதற்குள் விட்டார். நடுவில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியால் கையை நீட்டி அளந்தார். "பார், ரெண்டு பக்கமும் மூண்டு விரல் கிடக்கு" என்றார்.

சில்லுகள் வர மூன்று மாதம் பிந்தியது. கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. சில்லு வந்தது வியாழக்கிழமை. மாமா வியாழனும் வெள்ளியும் லீவு போட்டு, காரை உயர்த்தி, சில்லு முட்டும் இடங்களில் தகரத்தை வெட்டிப் பூட்டினார். சனிக்கிழமை வெளியே எடுத்தபோது தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கார் எங்கள் மதிலைவிட உயர்ந்து நின்றது. அதன் கதவுப் பிடி என் முகத்துக்கு நேரே இருந்தது. முன்சில்லு உடம்பைத் தாண்டி இரண்டு விரல் வெளியே நின்றது. பின்சில்லு நாலு விரல். அதை நான் அளந்து பார்த்தேன். சும்மா விளையாட்டுக்குத்தான் அளந்தேன். என்ன அளந்தேன் என்று மாமாவிடம் சொல்லத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அப்பாவும் மாப்பிள்ளையை வரவேற்க நேரத்தோடு மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். முகூர்த்தம் பதினொன்றே முக்காலுக்கு முடியும். பத்தரைக்கு நாங்கள் வெளிக்கிட்டோம். மாமா ஓட்டினார். அவருக்குப் பக்கத்தில் மாமி. அதாவது அப்பாவின் அக்கா. மாமாவின் மனைவி என்று நினைத்துவிட வேண்டாம். மாமாவுக்குத்தான் மனைவி இல்லையே. பின்னால் சின்னம்மாவும் நானும். சின்னம்மா ஸ்டூலில் கால் வைத்து, ஒரு கையால் சீலையைப் பிடித்து, மற்றக் கையால் மாமாவின் தோளைப் பிடித்து ஏறினார். தலையில் இருந்த பூவும் நகையும் கூரையில் முட்டாதபடி முழு வழியும் குனிந்தே இருந்தார். சாமி தெரியவேண்டும் என்று உயர்த்திய தேரில் சாமி குனிந்துகொண்டு போனது.

எங்களுக்குப் பின்னால் மாமாவின் சிநேகிதர், மரக்கறிக் கடை அண்ணையின் வான். தட்டங்களும் பூமாலையும் ஸ்டூலும் அதில்.

பெரிய ரோட்டில் ஏறிக் கொஞ்சத் தூரம் போயிருப்போம். ஆட்கள் பார்த்தார்கள். பஸ்ஸின் மேல்தட்டிலிருந்து ஒரு பிள்ளை கை காட்டியது. மாமாவின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். நித்திரைக் கலக்கம் இல்லாத அவருடைய முகத்தை அன்றுதான் முதல்முறை கண்டேன் என்று நினைக்கிறேன்.

அப்போது எதிரே ஒரு நீளக் கறுப்புக் கார் மெதுவாக வந்தது. அதன் கண்ணாடிக்குள் சவப்பெட்டி. பெட்டியின் மேல் வெள்ளைப் பூக்களால் 'அப்பா' என்று ஆங்கிலத்தில் எழுத்துக் கட்டி வைத்திருந்தார்கள்.

"ஐயோ, பிரேதம்!" என்று மாமி கத்தினார். "பொம்பிளை பாக்கக்கூடாது! திருப்பு தம்பி, திருப்பு!"

"மச்சாள், இதாலைதான் நேர்..."

"திருப்பெண்டுறன்! பிள்ளை, அவவின்ரை கண்ணைப் பொத்து!"

நான் சின்னம்மாவின் கண்களைப் பொத்தினேன். மை என் கையில் ஒட்டியது. மாமா இடது பக்கம் கிடந்த முதல் தெருவுக்குள் திருப்பினார். கடை அண்ணையின் வானும் பின்னால் திரும்பியது. வானுக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று கார்கள். தெருவின் முடிவில் அந்தப் பலகை. ஆறரை அடி.

மாமா நிறுத்தினார். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். திரும்ப இடமில்லை.

"என்ன நிக்கிறாய்? நேரம் போகுது" என்றார் மாமி.

"போகும்" என்றார் மாமா. எங்களுக்கு இல்லை, தனக்குத்தானே சொன்னார். "போன மாசம் போனதுதானே."

முன்சில்லுகள் கீச்சென்று உரசிக்கொண்டு போய்விட்டன. மாமா மூச்சை விட்டார். அடுத்த கணம் கார் ஒரு முறை குலுங்கி நின்றது. பின்சில்லுகள் இரண்டும் தூண்களுக்கிடையில் ஆப்பு மாதிரி இறுகிவிட்டன. முன்னுக்கு விட்டால் ரப்பர் புகைந்தது. பின்னுக்கு விட்டாலும் புகைந்தது. பின்கதவுகளைத் திறக்கத் தூண்கள் விடவில்லை.

கடை அண்ணை வானால் இறங்கி ஓடி வந்தார். பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "தேர் இறுகிப்போச்சு" என்றார்.

"எல்லாம் அந்தப் பிரேதத்தாலை வந்தது" என்றார் மாமி முன்கண்ணாடியால் தலையை நீட்டி.

"பிரேதம் எதிர வந்தால் நல்ல சகுனம் எல்லோ அம்மா?"

"அது பயணத்துக்கு. கலியாணத்துக்கு இல்லை."

"இப்ப பயணத்திலைதானே நிக்கிறியள்?"

"தம்பி, நீர் உம்மட தக்காளியைப் பாரும்!"

அண்ணை பின்பக்கம் சாய்ந்து தள்ளிப் பார்த்தார். உடனே அந்த வெள்ளைக்காரப் பெண் பேசத் தொடங்கிவிட்டாள். தயவுசெய்து வாகனத்தை விட்டு விலகி நில்லுங்கள். மாமா என்ன அமத்தியும் அவள் நிற்கவில்லை. பின்னால் நின்ற கார்க்காரர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். ஒருவர் தன் மணிக்கூட்டைக் காட்டி ஏதோ ஏசினார். விலகி நில்லுங்கள், விலகி நில்லுங்கள் என்று அவள் எல்லாருக்கும் சமமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வயிறு நோகச் சிரித்தேன். சின்னம்மாவும் சிரித்தார். பிறகு அழத் தொடங்கினார்.

"அழாதை. மை கரையும்" என்றார் மாமா திரும்பிப் பார்க்காமல். "மச்சாள், நீங்கள் முதல் இறங்குங்கோ. அவள் முன்னாலை ஏறி வரட்டும்."

சின்னம்மா முன்னிருக்கையின் முதுகில் ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. ஒட்டியாணம் சீட் பெல்ட்டில் மாட்டியது. தலைப் பூவின் கட்டு அவிழ்ந்தது. மாமா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி அவர் கையைப் பிடித்திருந்தார். வெளியே இறங்க உயரம். ஸ்டூல் வானில் தட்டங்களுக்கு அடியில். அண்ணை ஒரு வெண்டிக்காய்ப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தார். அதில் கால் வைத்துத்தான் எங்கள் பொம்பிளை தேரால் இறங்கினார்.

கடைசியாக நான். மாமா என்னைத் தூக்கி இறக்கியவர் உடனே விடவில்லை. குனிந்து என் காதோடு சொன்னார்.

"பிள்ளை, இதை ஒருத்தரிட்டையும் சொல்லாதை. மாமா எங்கை எண்டு கேட்டால் பார்க்கிங் தேடுறார் எண்டு சொல்லு. சரியோ?"

"ஓம் மாமா."

பின்னால் நின்ற கார்கள் ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் போக, எங்களை ஏற்றிக்கொண்டு வானும் பின்னுக்குப் போய்த் திரும்பியது. மாமா அந்தத் தூண்களுக்கு நடுவில், பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார்.

பதினொன்று பத்துக்கு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களை இறக்கிவிட்டு அண்ணை உடனேயே மாமாவிடம் திரும்பிவிட்டார். மாமி வாயே திறக்கவில்லை. திருப்பச் சொன்னது தான்தானே. அம்மா, "தம்பி எங்கை?" என்று கேட்டபோது நான், "பார்க்கிங் தேடுறார்" என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஐயர் கூப்பிட, போய்விட்டார். நேரத்துக்குத் தாலி ஏறியது. நான் முன்வரிசையில்தான் நின்றேன்.

சாப்பாட்டு மேசையில்தான் வந்தது வினை. நான் இருந்த மேசையில் மாப்பிள்ளை வீட்டார். அவர்களில் மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர், தங்கக் கண்ணாடி போட்டவர், என் பக்கம் சாய்ந்து அந்தத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பிள்ளை, பொம்பிளை மரக்கறி வானிலையோ வந்தவ? கருவாட்டு மணம் எண்டு ஆரோ சொல்லிச்சினம்."

மேசை சிரித்தது. எனக்குக் காது சுட்டது. "இல்லை! நாங்கள் எங்கட காரிலைதான் வந்தனாங்கள்!" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது.

"அப்ப அந்தக் கார் எங்கை?"

சொன்னேன். எங்கள் காரின் மானத்தைக் காப்பாற்றத்தான் தொடங்கினேன் என்று நினைக்கிறேன். ஆனால் பிரேதத்தைச் சொன்னபோது எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திக் கேட்டார்கள். மாமியைப் போலக் கத்திக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அலாரம் பெண்ணைப் போலப் பேசிக் காட்டினேன். சின்னம்மா இருக்கை கடந்ததைக் கதிரையில் ஏறியே காட்டினேன். வீட்டில் குசுகுசுத்துக் கதைக்கும் பிள்ளை நான். ஒரு மேசை முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படியிருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. அடுத்த மேசைக்காரர் கூப்பிட்டார்கள். அங்கே போய், இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். மூன்றாவது மேசையில் மாமா குந்தியிருந்ததையும், புகையையும், மடித்துக் கட்டிய வேட்டியையும் சேர்த்தேன்.

"பலகையிலை என்ன போட்டிருந்தது எண்டனீர்?" என்று பெரியப்பா கேட்டார்.

"ஆறரை அடி."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "ஏழரை பிடிச்ச ஆக்களைக் கண்டிருக்கிறன். ஆறரை பிடிச்சவரை இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்."

ஏழரைச் சனி என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. எல்லாரும் சிரிக்க நானும் சிரித்தேன். மணவறைப் பக்கம் திரும்பியபோது, புதுத் தாலியோடு சின்னம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கை காட்டினேன். அவர் காட்டவில்லை.

மண்டபத்தை விடவேண்டிய நேரத்தில், பின்னேரம், மாமா வந்தார். காரோடுதான் வந்தார். கடை அண்ணையும் அவரும் வீட்டுக்குப் போய்ப் பழைய சில்லுகளை எடுத்துவந்து, பின்பக்கம் மட்டும் மாற்றி, காரைக் கழற்றியெடுத்திருந்தார்கள். மற்ற இரண்டையும் மாற்ற நேரமில்லை. மாப்பிள்ளை பொம்பிளையைக் கூட்டிப்போக நேரத்துக்கு வந்துவிட வேண்டும் என்று ஓடி வந்திருந்தார். அதனால் கார் முன்பக்கம் உயர்ந்து, பின்பக்கம் தாழ்ந்து, வாசலில் நாய் குந்தியிருப்பது மாதிரி நின்றது. காரின் அலங்கார ரிப்பனை அவர் திரும்பக் கட்டியிருந்தார். வேட்டி முழுக்கக் கறுப்பு.

வாசலுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் ஒரு கணம் பார்த்தார்கள். பிறகு யாரோ ஒருவர், "ஆ, ஆறரை வந்திட்டுது!" என்றார்.

அந்தச் சிரிப்பு வாசலிலிருந்து உள்ளே போய், திரும்பி வெளியே வந்தது. மாமாவுக்கு முதலில் விளங்கவில்லை. அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு அவர் கண் கூட்டத்தில் தேடி என்னில் வந்து நின்றது. நான் அம்மாவின் சீலைக்குப் பின்னால் போனேன்.

மாப்பிள்ளை வீட்டார் எடுத்த வெள்ளைக் காரில்தான் சின்னம்மா போனார். போகமுன் மாமாவிடம் வந்து குனிந்து காலைத் தொட்டார். மாமா பின்னுக்கு நகர்ந்தார். "தொடாதை, கையெல்லாம் கிறீஸ்" என்றார்.

அந்தப் பெயர் பிறகு போகவில்லை. அது பேப்பரில் போட்டது மாதிரி ஒரு கிழமைக்குள் லண்டனின் மறுபக்கம், அப்டன் பார்க் வரைக்கும் போய்விட்டது. அதன்பிறகு மாமாவுக்கு ஒன்றிரண்டு சம்பந்தம் பேசினார்கள். அம்மா போனில் விவரம் சொல்லும்போது மறுமுனையில் கேட்பார்கள். "ஆர், அந்த ஆறரையோ?" அம்மா போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பிறகு சம்பந்தம் பேசுவதையே விட்டுவிட்டார். மாமா காரை விற்றார். பெட்ரோல் ஷெட்டிலேயே இருந்தார். இப்போதும் தனியாகத்தான் இருக்கிறார். போன கிழமைகூட அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். நாங்கள் இருவரும் அதிகம் கதைப்பவர்கள் இல்லை.

அன்று பின்னேரம் அம்மா ஒரு சாப்பாட்டுப் பார்சலை என் மடியில் வைத்து, "மாமாவோடை காரிலை போ. அவன் தனியப் போறான்" என்றார். எனக்கு விருப்பமில்லை. ஆனால் போனேன். கார் மூக்கை உயர்த்திக்கொண்டு ஓடியதால் எனக்கு ரோட்டே தெரியவில்லை. வெறும் வானம்தான். எரிந்த ரப்பர் மணம். மாமா சீடி போடவில்லை. இப்போது ஏசுவார், இப்போது ஏசுவார் என்று நான் பார்சலை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

சிவப்பு விளக்கொன்றில் நின்றோம்.

"பிள்ளை."

"ஓம் மாமா."

"தாலி கட்டேக்கை சின்னம்மா எப்பிடி இருந்தவ?"

நான் அதை எதிர்பார்க்கவில்லை. யோசித்தேன். தலைக்குள் அந்த மூன்று மேசைகளும் தங்கக் கண்ணாடியும்தான் வந்தன.

"நல்லா இருந்தவ" என்றேன்.

"அழுதவவோ?"

"தெரியாது."

"அக்காவும் அத்தானும் கையைப் பிடிச்சுக் குடுக்கேக்கை? என்னைத் தேடினவவோ? அங்காலை இங்காலை பாத்தவவோ?"

"தெரியாது மாமா."

விளக்கு பச்சையானது. மாமா காரை எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். பிறகு எடுத்தார்.

"சரி. களைச்சுப்போனாய். படு" என்றார்.

மூன்று மேசைகளுக்கு வாய் ஓயாமல் கதை சொன்ன நாள் அது. அவரும் ஒரு கதைதான் கேட்டார் என்பதும், அவருக்கு அதைச் சொல்ல என்னைவிட்டால் வேறு ஆளில்லை என்பதும் அன்று எனக்கு விளங்கவில்லை. அவர் ஏசவில்லை. அது போதும் எனக்கு. அந்த நிம்மதியில், மடியில் பார்சல் ஆறிக்கொண்டிருக்க, அடுத்த விளக்கு வருமுன்பே நான் நித்திரையாகிவிட்டேன்.